நம் பணம் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?

வரி என்றால் அது முதலாளிகளின் விவகாரம், கூலிக்கு உழைக்கிற நமக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது தவறான எண்ணம். நாம் வரி கட்டப் போகாவிட்டாலும், வரி நம்மைத் தேடி வந்து நம் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதைத் திரும்பப் பெறுவது எப்படி, ஏன் தாமதமாகிறது, தாமதமானால் யாரைக் கேட்பது என்பதை அறிந்துகொள்ளாத வரையில் நஷ்டம் நம்முடையதே.

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று பிழைப்புக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் நாள்கூலி வாங்குபவரிடம் யாரும் வரி பிடிப்பதில்லை. ஆனால் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் பெயரில் பில் போட்டு, மதில் கட்டுகிற, டைல்ஸ் ஒட்டுகிற, பெயிண்ட் அடிக்கிற கூட்டுகள் நம்மிடையே ஏராளம். அப்படிப் பில் போடும் மேஸ்திரிக்குப் பணம் தருகிற கம்பெனியோ பெரிய காண்டிராக்டரோ, ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலும், ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலும், நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரவேண்டும். இதற்குப் பெயர்தான் டி.டி.எஸ். ஐந்து ஆண்டு வேலை முடியும் முன் பி.எஃப். பணம் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்ததை ஊரில் டெபாசிட் போட்டு வைத்தால், வட்டி ஒரு வரம்பைத் தாண்டியதும் அதிலும் பத்து பிடிக்கிறார்கள்.

பிடிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வரி கட்டவேண்டிய வருமானமே இல்லாதவர்கள். எனவே அந்தப் பணம் முழுவதும் அவர்களுக்கே திரும்பி வரவேண்டியது. அதற்குத்தான் ரீபண்டு என்று பெயர். அது சர்க்கார் போடும் பிச்சையல்ல, சலுகையுமல்ல. நம்மிடமிருந்து முன்கூட்டி எடுத்து வைத்திருக்கும் நம் கூலி. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் மற்றவை தானே விளங்கும்.

64,000 ரூபாயின் கதை

நம் சங்கத்துத் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஐந்து பேர் கூட்டு. இவர் பெயரில் பில். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை விட்டுவிட்டு நடந்த வேலைக்கு மொத்தம் 3,20,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்று என்றால் 3,200 ரூபாய்தான் பிடித்திருக்க வேண்டும். ஆனால் 64,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அதாவது நூற்றுக்கு இருபது.

ஏன்? அவருடைய பான் கார்டு செயலிழந்து கிடந்தது. ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செல்லாதவையாக நிறுத்தப்பட்டன. பான் இல்லாதவருக்கும் செயலிழந்த பான் வைத்திருப்பவருக்கும் இருபது சதவீதம் பிடிக்கவேண்டும் என்பது விதி. அவர் இணைக்காமல் சும்மா இருக்கவில்லை. இணைக்கப் போனபோது பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பியது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் கார்டிலோ தகப்பனார் பெயர் முழுவதும் விரித்து எழுதப்பட்டிருக்கிறது. தகப்பன் பெயரைத் தலையெழுத்தாகப் போடுகிற நம் வழக்கத்தை அந்த அச்சுப்படிவம் அறியாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. இல்லாத குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது?

இந்த 64,000 ரூபாய் அவர் ஒருவருடையதல்ல, ஐந்து பேருடைய கூலி. கூட்டாளிகளுக்குக் கூலி தர வேண்டி மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். 2025 மே மாதம் பெயரைத் திருத்தி, ஆயிரம் ரூபாய் கட்டணமும் கட்டிப் பானை ஆதாருடன் இணைத்தார். ஜூலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கணக்குத் தாக்கல் செய்தார். எல்லாம் முடிந்தது என்றார்கள். முடியவில்லை, சரிபார்ப்பு என்ற ஒரு படி பாக்கியிருந்தது. ஆதாரில் பதிந்திருந்த போன் நம்பர், அவர் ஊரில் இருந்தபோது வைத்திருந்து பிறகு கைவிட்ட சிம். இரகசிய எண் அந்தச் சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஆகஸ்டு கடைசி ஆயிற்று. பிறகு பணம் அனுப்பினார்கள், அது பாங்கில் ஏறாமல் திரும்பிவிட்டது. அவர் எழுதிக் கொடுத்திருந்தது பழைய பாஸ்புத்தகத்தில் கண்ட ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் கிளையின் குறியீடு. அந்தப் பாங்கோ 2017 ஏப்ரல் 1-ஆம் தேதியே ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைந்துவிட்டது. கடைசியில் டிசம்பரில்தான் பணம் கைக்கு வந்தது.

இந்த மாதங்களில் அவர் எத்தனையோ பேரைக் கேட்டார். பெங்களூரில் கிடக்கிறது என்றார் ஒருவர். ரீபண்டு இனிமேல் வராது என்றார் இன்னொருவர். பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்றார் மூன்றாமவர். உண்மையில், எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், இந்தத் தாமதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

வண்டி நிற்கும் இடங்கள்

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குப் பழக்கமான விஷயம் இது. பார்சல் வரவில்லை என்று ஒருவர் வந்து கத்தினால் நாம் முதலில் கேட்பது, ரசீது நம்பர் என்ன என்பதே. நம்பர் இருந்தால் பார்சல் பாறசாலையிலேயே கிடக்கிறதா, நெய்யாற்றின்கரையைத் தாண்டியதா, திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டதா என்று சொல்லிவிடலாம். வரிக் கணக்கும் அப்படியே. தாக்கல் செய்தவுடன் பதினைந்து இலக்க ஒப்புகை எண் ஒன்று கொடுக்கிறார்கள். அதுதான் நம் ரசீது. அந்தக் காகிதத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வரக்கூடாது. வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் அந்த எண்ணையும் ஒரு போன் நம்பரையும் கொடுத்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும். நம் பான் எண்ணையே பயனர் பெயராகக் கொண்டு உள்ளே போனால் இன்னும் விவரமாகப் பார்க்கலாம். அட்சயா மையத்திலோ, மேல்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகளின் போனிலோ ஐந்து நிமிட வேலை.

வழியில் ஐந்து நிறுத்தங்கள் உண்டு.

முதலாவது, சரிபார்ப்பு. தாக்கல் செய்த முப்பது நாளுக்குள் இது நான்தான் என்று உறுதி செய்யவேண்டும். 2022 ஆகஸ்டுக்கு முன் இதற்கு 120 நாள் அவகாசம் இருந்தது. பழைய நினைப்பில் இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஆதார் இரகசிய எண்ணாலோ பாங்க் கணக்கின் வழியாகவோ செய்யலாம். இரண்டும் முடியாதவர் ஒப்புகைப் படிவத்தை அச்செடுத்து, மையால் கையெழுத்திட்டு, ஸ்பீடு போஸ்டில் பெங்களூரு மத்தியச் செயலாக்க மையத்துக்கு அனுப்பலாம். முப்பது நாளுக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். சரிபார்க்காத கணக்கு, கொடுக்காத கணக்குக்குச் சமம். எவ்வளவு காத்திருந்தாலும் அதிலிருந்து பணம் வராது.

இரண்டாவது, ஒத்துப்பார்த்தல். நாம் பிடித்தார்கள் என்று சொல்லும் தொகையும், பிடித்தவர் நம் பான் எண்ணில் கட்டிக் கணக்குக் கொடுத்த தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். 26ஏஎஸ் என்று நாம் அறிந்த கணக்கில் இதைப் பார்க்கலாம். அதில் நம் தொகை இல்லையென்றால் தாமதத்துக்குக் காரணம் பெங்களூரில் இல்லை, நமக்குப் பில் கொடுத்த காண்டிராக்டரிடம் இருக்கிறது. அவர் பணத்தைக் கட்டாமல் இருக்கலாம், அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருக்கலாம். திருத்தக் கணக்கு கொடுக்கவேண்டியவர் அவரே. பிடித்த வரியை அவர் கட்டவில்லை என்பதற்காக, அதே வரியை நம்மிடம் மறுபடி கேட்க சட்டத்தில் இடமில்லை. ஆனால் பிடித்தார் என்று காட்ட நம் கையில் பில்லும் பாங்க் வரவும் இருக்கவேண்டும்.

மூன்றாவது, பழைய பாக்கி. என்றோ ஒரு வருடத்துக்கு நம் பேரில் வரி பாக்கி என்று எழுதப்பட்டிருந்தால், இந்த ரீபண்டை அதில் கழித்துக்கொள்ளலாமா என்று நோட்டீஸ் அனுப்புவார்கள். மறுப்புச் சொல்ல 21 நாள். பதில் இல்லையென்றால் சம்மதம் என்று வைத்துக்கொள்வார்கள். இந்த நோட்டீஸ் தபால்காரர் கொண்டுவந்து தருவதல்ல, மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் நமக்காகக் கணக்குப் போட்ட கடைக்காரருடையது! அவர் நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே விலாசத்தைக் கொடுத்திருப்பார். நம் மின்னஞ்சலும் நம் போன் நம்பருமே பதிவாகவேண்டும் என்று வற்புறுத்த வேண்டும்.

நான்காவது, உத்தரவு. கணக்கைப் பரிசீலித்து இவ்வளவு திரும்பத் தரவேண்டும் என்று முடிவு செய்து அறிவிப்பு அனுப்புவது. கணக்குக் கொடுத்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இதை முடிக்கவேண்டும் என்பது சட்டம் விதித்த எல்லை. எடுத்துக்காட்டாக, 2025 ஜூலையில் கொடுத்த கணக்குக்கு 2026 டிசம்பர் 31 வரை அவர்களுக்கு அவகாசம். பலருக்குச் சில வாரங்களிலேயே முடிந்துவிடுவதும் உண்மை. கணக்கில் குறை இருக்கிறது என்று நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளில் திருத்திக் கொடுக்கவேண்டும்.

ஐந்தாவது, பாங்க். 2019 மார்ச் 1 முதல் ரீபண்டுக்குச் செக் வருவதில்லை; பான் எண்ணுடன் இணைத்து, இணையதளத்தில் முன்கூட்டி உறுதி செய்த கணக்கில் மட்டுமே ஏறும். பெயர் வேறுபாடு, இணைந்துபோன பாங்கின் பழைய குறியீடு, இரண்டு ஆண்டாக வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கு ஆகிய மூன்றும்தான் இங்கே வண்டியை நிறுத்துபவை. பணம் திரும்பிப் போனால் தானாக மறுபடி வராது. கணக்கைச் சரிசெய்து, மறுபடி அனுப்பும்படி இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இலாகாவின் உதவித் தொலைபேசி 1800 103 0025, கட்டணம் கிடையாது. ஒரு நிறுத்தத்தில் காரணமில்லாமல் மாதக்கணக்காக நின்றால், இணையதளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். ரீபண்டு தயார், இந்த இணைப்பைத் தொடு, இரகசிய எண்ணைச் சொல் என்று போனில் வரும் செய்திகள் திருடர்களுடையவை. ரீபண்டு தருவதற்காக வரி இலாகா யாரிடமும் பாங்க் கடவு எண் கேட்பதில்லை.

குற்றம் முழுவதும் நம்முடையதா?

இவ்வளவும் படித்துவிட்டு, தாமதத்துக்கெல்லாம் நாமே காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் பங்கைச் சொன்னோம். இனி அவர்கள் பங்கைச் சொல்கிறோம்.

2025-இல் கணக்குப் படிவங்களும் அதற்கான ஏற்பாடுகளும் தாமதமாகவே வந்தன. கடைசித் தேதி ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆகி, பிறகு 16 ஆயிற்று. அந்த ஆண்டு பொய்க் கழிவு காட்டிய கணக்குகளைப் பொறுக்கி எடுத்துச் சோதித்ததால் பல ரீபண்டுகள் நின்றன. பொய்க் கணக்கைப் பிடிப்பது தவறல்ல. 2025 ஜூலையில் நாடெங்கும் 150 இடங்களில் நடந்த சோதனையில் சிக்கியவர்கள், கமிஷனுக்காக இல்லாத கழிவுகளைக் காட்டி ரீபண்டு வாங்கித் தந்த தரகர்கள். அதிகமாக வாங்கித் தருகிறேன் என்பவரிடம் நம்மவரும் ஏமாறுகிறார்கள். கையெழுத்து நம்முடையது, மாட்டுபவரும் நாமே. ஆனால் கள்ளனைத் தேடுகிற பெயரில் நேர்மையான கூலிக்காரனின் பணம் எத்தனை மாதம் நிற்பது? அதற்கு ஒரு கணக்கு வேண்டாமா?

வட்டியைப் பாருங்கள். நாம் கட்டவேண்டிய வரியைத் தாமதித்தால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அவர்கள் தரவேண்டியதைத் தாமதித்தால் மாதம் நூற்றுக்கு அரை ரூபாய். பான் செயலிழந்திருந்த காலத்துக்கு அந்த அரை ரூபாயும் இல்லை. தோழருடைய மனைவியின் சங்கிலி அடகில் இருந்த நாட்களுக்கு அடகுக் கடைக்காரர் வட்டியைத் தள்ளினாரா? பெரிய கம்பெனியின் ரீபண்டு தாமதமானால் அதற்குக் கணக்கர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள். நம்மவருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கவடியாறில் இருக்கும் வருமான வரி அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

ஒருவேளை இதற்கும் மோசமாகியிருக்கும். 2025 பிப்ரவரியில் மக்களவையில் வைக்கப்பட்ட புதிய வருமான வரி மசோதாவில், கடைசித் தேதிக்குள் கணக்குக் கொடுக்காதவர் ரீபண்டு கேட்க முடியாதபடி ஒரு வாசகம் நுழைந்திருந்தது. தேதி தவறினால் நம் பணம் நமக்கில்லை என்பதே அதன் பொருள். தேதி தவறுபவர் யார்? வேலைக்காக ஊர் மாறுகிறவர், போன் நம்பர் மாறுகிறவர், படிவம் படிக்கத் தெரியாதவர்; நாம்தான். எதிர்ப்பு எழுந்தது. மசோதாவைப் பரிசீலித்த தேர்வுக்குழு அந்த வாசகத்தை நீக்கச் சொன்னது. 2025 ஆகஸ்டில் திருத்தி நிறைவேற்றப்பட்ட சட்டத்தில் அது இல்லை. காலம் கடந்து கொடுத்த கணக்கிலும் ரீபண்டு உண்டு. அதையும் தவறவிட்டவர்கள், தகுந்த காரணம் காட்டி, ஐந்து ஆண்டு வரையிலான பழைய ரீபண்டுக்குத் தாமதத்தை மன்னிக்கும்படி விண்ணப்பிக்க 2024 அக்டோபர் 1-ஆம் தேதிச் சுற்றறிக்கை வழி செய்திருக்கிறது. பழைய பில்களைக் கிழித்துப் போடாதீர்கள்.

கேட்டால் சட்டத்தின் வாசகமும் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எனவே நாம் கேட்கிறோம்.

வரி வரம்புக்குக் கீழே உள்ள சிறு ஒப்பந்தக் கூட்டுகளின் பில்லில் நூற்றுக்கு இருபது பிடிக்கும் கொடுமை நிற்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பொருந்தாததற்காக ஐந்து பேர் கூலியை முடக்குவது நியாயமல்ல. ரீபண்டுத் தாமதத்துக்கும் வரித் தாமதத்துக்கும் ஒரே வட்டி வேண்டும். கணக்குக் கொடுக்கும் மாதங்களில் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இலாகாவின் உதவி மேசை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்க வேண்டும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும்.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு போட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் நம் உரிமை ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும், மத்திய அரசு அதிகாரிக்கும் மாநில அதிகாரிக்கும் எவரும் கொடுக்கலாம். ஆங்கிலம் தெரியாது என்று தரகரிடம் போகவேண்டிய அவசியமில்லை. தமிழிலேயே எழுதுங்கள். ஒப்புகை எண், பான் எண், தொகை, எந்த நிறுத்தத்தில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற நான்கும் இருந்தால் போதும், மனு முழுமையானதே.

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி இருந்தால் போதாது. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். யார் பேரில் எவ்வளவு பிடித்தார்கள், கணக்குக் கொடுத்த தேதி, ஒப்புகை எண், சரிபார்த்த தேதி, இன்றைக்கு எந்த நிறுத்தம் என்று ஐந்து கட்டம் போதும். மாதம் ஒருமுறை கிளைக் கூட்டத்தில் அதைத் திறந்து பார்ப்போம். ஒருவர் பணம் நின்றால் அது தனி மனிதர் துயரம். ஐம்பது பேர் பணம் எங்கே எத்தனை நாளாக நிற்கிறது என்று எழுதிய நோட்டுடன் போய் நின்றால், எந்த அதிகாரியும் பதில் சொல்லாமல் அனுப்ப முடியாது.

சங்கிலியை மீட்டுவிட்டார் நம் தோழர். அவர் இப்போது தம் கிளையில் அந்த நோட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்.